வண்டியில் ஏற்றியது எங்கே இறங்கியது? 'டிஸ்சார்ஜ்' என்ற வினைச்சொல்லின் பிறப்பும் பொருள்களும்

வேலூரில் 'டிஸ்சார்ஜ்' என்றால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவது, அவ்வளவுதான். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையில் டீக்கடை, லாட்ஜ், மருந்துக்கடை என்று எங்கே நின்றாலும் காதில் விழும் சொல் இது. குடியாத்தத்திலிருந்து வந்தவரும் கொல்கத்தாவிலிருந்து வந்தவரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே இந்த ஒரு சொல்லில் பேசி முடித்துக்கொள்வார்கள்.

குழப்பம் தொடங்குவது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு. சொத்துக்குவிப்பு வழக்கில் ஒருவரை நீதிமன்றம் 'டிஸ்சார்ஜ்' செய்தது என்று செய்தி வருகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே ஆள் மீது அதே வழக்கு மறுபடி நடக்கிறது. "அதான் விடுதலை ஆயிட்டாரே, அப்புறம் இன்னா?" என்று படிப்பவர் கேட்கிறார். தோல் தொழிற்சாலைகள் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு மாறிவிட்டன என்கிறார்கள். அப்படியானால் கழிவே இல்லையா? பட்டாளத்துக்காரர் 'டிஸ்சார்ஜ்' ஆகி வந்தார் என்றால் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களா? செக் திரும்பிய வழக்கின் நோட்டீசில் இந்தச் சொல் எதற்கு வருகிறது?

இவை ஐந்தாறு வேறு வேறு சொற்கள் போலத் தோன்றும். உள்ளே இருப்பது ஒரே படம்: பாரம் ஏற்றிய ஒரு வண்டி.

## அடிப்படை: ஒரு கட்டை வண்டி

இன்றைய பிரான்ஸை ரோமானியர்கள் 'காலியா' என்றார்கள். அங்கே இருந்த கெல்டிக் மக்கள் வண்டி கட்டுவதில் பேர் போனவர்கள். அவர்களுடைய வண்டியின் பெயரை ரோமானியர்கள் வாங்கி 'கர்ரூஸ்' என்று லத்தீன் ஆக்கிக்கொண்டார்கள். ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்புகளில் எதிரிகளின் மூட்டை முடிச்சு வண்டிகளைச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்.

பிற்கால லத்தீனில் இதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்தது: 'கர்ரிகாரே', அதாவது வண்டியில் ஏற்று. அதற்கு முன்னால் 'டிஸ்' என்ற எதிர்மறை ஒட்டைச் சேர்த்தால் 'டிஸ்கர்ரிகாரே', வண்டியிலிருந்து இறக்கு. பழைய பிரெஞ்சு மொழி இரண்டையும் தேய்த்து 'சார்ஜ்', 'டெஸ்சார்ஜ்' என்ற ஓசைக்குக் கொண்டுவந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களின் பிரெஞ்சு வழியாக ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்தில் இறங்கின. 'சார்ஜ்' 13-ஆம் நூற்றாண்டிலும் 'டிஸ்சார்ஜ்' 14-ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன.

அந்தக் கட்டை வண்டிக்கு இன்னும் பிள்ளைகள் உண்டு. நாம் ஓட்டும் 'கார்', தூக்கிச் செல்வதைக் குறிக்கும் 'கேரி', ஸ்பானிஷ் வழியாக வந்த 'கார்கோ' எல்லாம் ஒரே குடும்பம். ஒருவர் மூக்கையும் காதையும் பெரிதாக்கி வரையும் 'கேரிகேச்சர்' கூட இத்தாலிய மொழியின் 'ஏற்று' என்ற வினையிலிருந்து வந்தது. முகத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது.

## ஒழிவது வண்டியா, இறங்குவது சுமையா?

இந்த வினைச்சொல்லின் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கப்பலையும் 'டிஸ்சார்ஜ்' செய்யலாம், கப்பலில் இருக்கும் சரக்கையும் 'டிஸ்சார்ஜ்' செய்யலாம். இரண்டுக்கும் ஒரே வினை. தாங்குவதும் செயப்படுபொருள், தாங்கப்படுவதும் செயப்படுபொருள்.

தமிழில் அப்படிச் சொல்ல முடியாது. லோடை 'இறக்குவோம்', வண்டியைக் 'காலி பண்ணுவோம்'. வண்டியை இறக்கு என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட்டச் சொல்கிறார் என்றுதான் பொருள். ஆங்கிலம் ஒன்றாக முடிந்து வைத்ததைத் தமிழ் இரண்டாகப் பிரித்துத்தான் சொல்லும். அதனால்தான் 'டிஸ்சார்ஜ்' என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல் கேட்பவர்களுக்கு அகராதி கைவிரிக்கிறது. சுமையைப் பற்றிப் பேசும்போது 'வெளியேற்று', 'செலுத்து', 'தீர்' என்று வரும். சுமந்தவரைப் பற்றிப் பேசும்போது 'விடுவி', 'விலக்கு' என்று வரும். தமிழில் சொல் போதவில்லை என்று இதைக் குறை சொல்வோர் உண்டு; என் கணக்கில் தமிழ்தான் இங்கே தெளிவாக இருக்கிறது.

எந்தச் செய்தியில் இந்தச் சொல் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் பொருள் பிடிபடும்:

1. இங்கே வண்டி எது, பாரம் எது?
2. சேர வேண்டிய இடத்தில் சேர்த்து இறக்கினார்களா, பாதி வழியில் இறக்கினார்களா?
3. இறக்கிய பாரம் இப்போது எங்கே கிடக்கிறது?

இரண்டாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஓர் அதிகாரி தன் கடமையை 'டிஸ்சார்ஜ்' செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதினால், அதைக் குறையின்றி நிறைவேற்றினார் என்று பொருள். அவரைக் கடமையிலிருந்து 'டிஸ்சார்ஜ்' செய்தார்கள் என்றால் அதற்கு மேல் அவர் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னதில் பாரம் ஊர் போய்ச் சேர்ந்தது. பின்னதில் வழியிலேயே தலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓர் ஒட்டுச் சொல்லில் பொருள் தலைகீழாகிறது. அரசாணைகளை மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் அதன் மேல் சுமையை மாற்றிவிட்டு மூச்சு வாங்கலாம். பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் பெயரால் அதை நடுவது வழக்கம். 'டிஸ்சார்ஜ்' என்ற வினையை நட்டு வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

## சார்ஜ் ஏறுது, சார்ஜ் இறங்குது

துப்பாக்கியில் ஒரு முறை சுடுவதற்கு எவ்வளவு மருந்து கெட்டிக்க வேண்டுமோ அந்த அளவும் ஆங்கிலத்தில் 'சார்ஜ்' ஆனது. அதுவும் ஏற்றிய பாரம்தான். சுட்டால் 'டிஸ்சார்ஜ்'. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது இரு தரப்பும் வைத்திருந்தது ஒரு வேட்டுக்கு ஒரு தடவை கெட்டிக்க வேண்டிய துப்பாக்கிகளைத்தான்.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் வந்தது இதே வழியில். 1745-46-இல் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் லேடன் ஜாடியைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தொட்டால் துப்பாக்கி வெடித்தது போலத் தூக்கிப் போட்டது. அந்தப் பத்தாண்டுகளிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சார ஆராய்ச்சியில் 'சார்ஜ்', 'டிஸ்சார்ஜ்' இரண்டையும் புழங்கினார். பல ஜாடிகளை வரிசையாக இணைத்ததற்கு 'பேட்டரி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அதுவரை இருந்த பெயர் அது.

நாம் செல்போனைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்று கவனியுங்கள். "சார்ஜ் ஏறவே மாட்டேங்குது." "காலையில ஏத்துனேன், அதுக்குள்ள இறங்கிடுச்சி." இப்படிப் பேசும் ஆங்கிலேயர் யாரும் இல்லை. அவர்கள் எப்போதோ மறந்துவிட்ட வண்டியையும் பாரத்தையும், லத்தீன் ஒரு வார்த்தைகூடத் தெரியாத நம் ஊர்க்காரர்கள் ஏறு, இறங்கு என்ற இரண்டு வினைகளால் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பாடப் புத்தகத்தின் 'மின்னேற்றம்', 'மின்னிறக்கம்' என்ற சொற்களும் அதே படம்தான். கலைச்சொல்லும் பேச்சும் இவ்வளவு நெருங்கி நிற்பது அபூர்வம்.

ஒருவர் மீது குற்றம் 'சுமத்துகிறோம்', பொறுப்பு 'ஏற்கிறோம்', கடன் 'பாரம்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'சார்ஜ்' என்பதற்குக் குற்றச்சாட்டு, பொறுப்பு, கட்டணம் என்றெல்லாம் பொருள் வந்ததும் இதே எண்ணத்தில்தான். பஸ் சார்ஜ் என்பது பயணி மேல் ஏற்றிய பாரம். சார்ஜ் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது அலுத்துக்கொண்டால், அவர் தெரியாமலே சொல்லாராய்ச்சி செய்கிறார்.

## ஆஸ்பத்திரியில்

1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கும் ஊரில், இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர்கள் இதே சொல்லை இரண்டு பொருளில் ஆள்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நோயாளியை அனுப்பி வைப்பது ஒன்று. உடம்பிலிருந்து கசிவது மற்றொன்று: காதில் சீழ் வடிதல், புண்ணில் நீர் கசிதல், வெள்ளைப்படுதல் எல்லாம் குறிப்பேட்டில் 'டிஸ்சார்ஜ்' என்றே எழுதப்படும். "டிஸ்சார்ஜ் இருக்குதாம்மா?" என்று கேட்ட டாக்டருக்கு, "நாளைக்குன்னு சொன்னாங்க" என்று பதில் வந்தால் அதில் நோயாளியின் தவறு ஒன்றுமில்லை. சுமையைச் சொல்லும் பொருளும் சுமந்தவரைச் சொல்லும் பொருளும் ஒரே கட்டிலில் படுத்திருக்கின்றன.

இன்னொரு நடைமுறை விஷயம். மருத்துவர் டிஸ்சார்ஜ் எழுதுவது ஒரு முடிவு. நோயாளி கேட்டைத் தாண்டுவது வேறு நிகழ்வு. நடுவில் பில், மருந்து, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு ஒப்புதல் எல்லாம் நிற்கின்றன. காப்பீடு உள்ளவர்கள் காலையில் எழுதி மாலைவரை காத்திருப்பது வழக்கமாகிப் போனதால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் ஒரு கெடு வைத்தது: பணமில்லா ('கேஷ்லெஸ்') சிகிச்சையில், டிஸ்சார்ஜ் கோரிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் கூடும் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும். பில் கட்டாததைக் காரணம் காட்டி நோயாளியை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்திலும் இடம்பெற்றது.

நம் பேச்சில் இன்னொரு நுட்பம் உண்டு. "டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க" என்பதும் "டிஸ்சார்ஜ் ஆய்ட்டாரு" என்பதும் ஒன்றல்ல. முதலில் செய்தவர் இருக்கிறார். இரண்டாவதில் அது தானாக நடந்தது போல இருக்கிறது. குணமாகிப் போனவரைப் பற்றி 'ஆய்ட்டாரு' என்பார்கள். இன்னும் சரியாகாமலே அனுப்பிவிட்டார்கள் என்று மனத்தாங்கல் இருந்தால் 'பண்ணிட்டாங்க' வந்துவிடும்.

## பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக்

கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர். அங்கே 'டிஸ்சார்ஜ்' என்றால் கௌரவம். ஒப்புக்கொண்ட காலத்தை முடித்து, ஏற்ற பாரத்தைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்து இறக்கிய ஆள். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக் ஓய்வூதியத்துக்கும் முன்னாள் படைவீரர் சலுகைகளுக்கும் அத்தாட்சி.

தண்டனையாக அனுப்புவதற்கு 'டிஸ்மிஸ்' என்று வேறு சொல் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இரண்டையும் வெவ்வேறு பிரிவுகளில் வைக்கிறது. எல்லா டிஸ்சார்ஜும் காலம் முடிந்த டிஸ்சார்ஜ் அல்ல. மருத்துவக் காரணத்தால், சொந்தக் கோரிக்கையால், தகுதிக் குறைவால் என்று வகைகள் உண்டு. ஆகவே காரணம் எழுதிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பணிநீக்கம், பணிவிடுவிப்பு, ஆட்குறைப்பு என்று மூன்றைத் தனித்தனியாக அடுக்கியது. ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் நிற்கும் பெண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான், நாளைக்கு வேலை இல்லை. ஆனால் நிவாரணம் கேட்கும் இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வாதமே தொடங்கும்.

## கடன், செக், வவுச்சர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடனை 'டிஸ்சார்ஜ்' செய்வது என்றால் தீர்ப்பது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவு, செக் திரும்பிய எல்லாரையும் தண்டிக்கவில்லை. ஒரு கடனையோ சட்டப்படியான வேறு பொறுப்பையோ முழுதாகவோ பகுதியாகவோ தீர்ப்பதற்காகக் கொடுத்த செக்காக இருக்க வேண்டும். அந்த இடத்தில் சட்டம் எழுதியிருப்பது இந்தச் சொல்லைத்தான். அன்பளிப்பாகக் கொடுத்த செக் திரும்பினால் அங்கே இறக்குவதற்குச் சுமையே இல்லை.

காப்பீட்டுத் தொகை வாங்கும்போது கையெழுத்து கேட்கும் 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' யாருடைய சுமையை இறக்குகிறது? நிறுவனத்தின் சுமையை. "எனக்குச் சேர வேண்டியது சேர்ந்தது, இனிக் கேட்க மாட்டேன்" என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம். தொகை சரிதானா என்று பார்க்காமல் இதில் கையெழுத்துப் போடுவது எடை போடாமல் லோடு இறக்கிய ரசீது கொடுப்பது போல.

## விடுவிப்பு வேறு, விடுதலை வேறு

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் வக்கீல்களுக்கு இது பாலபாடம். செய்தி படிப்பவர்களுக்குத்தான் தடுமாற்றம். வரிசையை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

1. போலீஸ் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது. இது போலீசின் கருத்து மட்டுமே.
2. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆவணங்களின் நகல் தரப்படுகிறது.
3. அவர் 'என் மேல் வழக்கு நடத்தவே முகாந்திரம் இல்லை' என்று விடுவிப்பு மனு போடலாம். இதுதான் டிஸ்சார்ஜ் மனு.
4. மனு ஏற்கப்பட்டால் அங்கேயே விடுவிப்பு. தள்ளுபடியானால் நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்கிறது.
5. அதன் பிறகுதான் சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம்.
6. முடிவில் தண்டனை அல்லது விடுதலை.

நான்காம் படியில் நடப்பது டிஸ்சார்ஜ். ஆறாம் படியில் நடப்பது விடுதலை. பாரத்தை வண்டியில் கட்டும் முன்பே 'இது ஏற்றத் தகுந்த சரக்கே இல்லை' என்று திருப்பி அனுப்புவது விடுவிப்பு. ஏற்றி, ஊர் வரை கொண்டுபோய், பிரித்துப் பார்த்து, 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று சொல்வது விடுதலை.

போலீஸ் குற்றப்பத்திரிகையின் பேரில் நடக்கும் வழக்கில், விடுவிப்பு மனுவின்போது நீதிபதி சாட்சிகளைக் கேட்பதில்லை. அரசுத் தரப்பு வைத்த ஆவணங்களை மட்டும் பார்த்து, விசாரணைக்குப் போதிய அடிப்படை இருக்கிறதா என்று முடிவு செய்கிறார். இல்லையென்றால் காரணத்தை எழுதி விடுவிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 227, 239, 245 ஆகிய பிரிவுகள் இதைச் சொன்னன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 250, 262, 268 ஆகிவிட்டன. விடுவிப்பு மனு போடப் புதிய சட்டம் காலக்கெடுவும் வைத்திருக்கிறது: செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும் கடுங்குற்ற வழக்கில், அந்த நீதிமன்றத்துக்கு வழக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள், போலீஸ் அறிக்கையின் பேரில் நடக்கும் வாரண்ட் வழக்கில் (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்ற வழக்கு), நகல் கொடுத்த நாளிலிருந்து 60 நாள்.

இப்போது முதலில் கேட்ட கேள்வி. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்பது சட்டம். விடுதலையானவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 'டிஸ்சார்ஜ் என்பது விடுதலை ஆகாது' என்று பழைய சட்டத்தின் 300-ஆவது பிரிவு விளக்கமாகவே சொன்னது. புதிய சட்டத்தின் 337-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆகவே மேல் நீதிமன்றம் விடுவிப்பு உத்தரவை ரத்து செய்தால் அவர் மறுபடி கூண்டில் நிற்க வேண்டியதுதான். இதில் முரண் எதுவும் இல்லை. 'விடுதலை' என்று தலைப்புப் போட்ட நாளிதழில்தான் பிழை.

## பாலாற்றில்

பொறியாளருக்கு 'டிஸ்சார்ஜ்' என்றால் ஓர் இடத்தைக் கடந்து ஒரு விநாடியில் போகும் நீரின் அளவு. அணை திறந்தால்தான் என்றில்லை. அணையே இல்லாத ஆற்றிலும் டிஸ்சார்ஜ் உண்டு. நந்தி மலையில் பிறந்து, வயலூரில் கடலைச் சேரும் பாலாறு ஏறக்குறைய 348 கிலோமீட்டர் ஓடுகிறது. 'ஓடுகிறது' என்பது மரியாதைக்கு. பல ஆண்டுகள் அதன் டிஸ்சார்ஜ் பூஜ்ஜியம். 2021 நவம்பரில் கரை புரண்டு வந்தபோது, அணைக்கட்டுகளிலிருந்து மணிக்கு ஒரு கணக்கு வந்தது, எல்லாம் கன அடியில்.

விநாடிக்கு ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். விநாடிக்கு 1,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கு மேல் ஒவ்வொரு விநாடியும் கடந்து போகிறது. இது வேகத்தின் அளவு. டிஎம்சி என்பது கொள்ளளவு, நூறு கோடி கன அடி. 1,000 கன அடி வீதம் விடாமல் ஓடினால் ஒரு டிஎம்சி சேரப் பதினொன்றரை நாள் ஆகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதும் செய்திகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகின்றன.

அந்த ஆற்றின் கரையில்தான் தோல் பதனிடும் ஷாப்புகள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பின்னால் குரோமியம் வந்தது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 25-ஆவது பிரிவில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் கழிவுநீரை ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ 'டிஸ்சார்ஜ்' செய்யும் தொழிலைத் தொடங்கக் கூடாது என்கிறது. வண்டி தொழிற்சாலை, பாரம் கழிவு. இறக்கும் இடம் மட்டும் வேறொருவருடையது.

இறக்கிய பாரம் எங்கே கிடக்கிறது என்ற அந்த மூன்றாவது கேள்வியைத்தான் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. வழக்கு 1991-இல் போடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். வேலூரின் பெயர் தாங்கிய வழக்கின் வழியாக ஒரு சட்டக் கொள்கையே படிக்கப்படுகிறது என்பதை நம் ஊரில் பலர் கவனித்ததில்லை. ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற கணக்குகள் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. அப்போது வடஆற்காடு அம்பேத்கர் என்ற பெயரில் இருந்த நம் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தைவிடப் பெரியது கொள்கை: மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும். 'ஏற்க' என்ற வினையைப் பாருங்கள். பிறர் நிலத்தில் இறக்கிய பாரத்தை மறுபடி உன் வண்டியிலேயே ஏற்று என்றது நீதிமன்றம்.

இதன் பிறகு வந்ததுதான் 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்'. இந்தத் தொடரைச் செய்திகள் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று சுருக்குகின்றன. சுருக்கும்போது விழுந்துபோகும் நடுச்சொல்தான் முக்கியம்: லிக்விட். திரவம் வெளியே போகாது என்பது மட்டுமே வாக்குறுதி. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரை வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புக் கரைசலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் திரும்பப் பயன்படுகிறது. ஆனால் வண்டியில் வந்த பாரம் ஆவியாகாது. குரோமியம் கலந்த சேறு ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்று தங்கிவிடுகிறது.

2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஆற்றில் இறக்காமல் தேக்கி வைத்த பாரம் அது.

2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் கழிவு விவகாரத்தில் மறுபடி விரிவான தீர்ப்பு தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து பிறகு வசூலிக்க வேண்டும் என்றது. பாரத்தை இப்போதைக்கு அரசு வண்டியில் மாற்றி வைக்கும் ஏற்பாடு இது.

காய்ச்சி எடுத்த உப்போ சமையல் உப்பு அல்ல. பல உப்புகள் கலந்த அதை வாங்க ஆள் எளிதில் கிடைப்பதில்லை. மழை பட்டால் கரைந்து மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அதனால் மூட்டையாகக் கட்டிக் கூரைக்கடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.